யவன வைத்திய நூல்களும் சாஸ்திரக் கல்வியும்

மணிமங்கலத்திலிருந்து அன்பரொருவர் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் உத்தியோகம் பார்க்கும் அவர், பதினைந்து வயது நிரம்பிய தம் புதல்விக்கு வீட்டிலேயே கல்வி புகட்டி வருகிறார். பள்ளி செல்லாதாரும் பரீட்சை எழுத இடமளிக்கும் பொருட்டு 1989-ஆம் வருஷம் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஸ்தாபனத்தின் பாடங்களை அப்பெண் பயின்று வருகிறாள். சாஸ்திரப் பாடப் புத்தகம் முடிவுகளை அடுக்கித் தருகின்றதேயன்றி, மனிதன் அம்முடிவுகளுக்கு எங்ஙனம் வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்வதில்லை என்பது தந்தையாரின் குறை. ஆதலின் பண்டைக் கிரேக்கராகிய யவனர் எழுதிய வைத்திய நூல்களுட் சிலவற்றை அவள் கையில் கொடுக்க எண்ணுகிறார். எவற்றைக் கொடுப்பது என்று நம்மைக் கேட்கிறார். “சரகரும் சுசுருதரும் பதினெண் சித்தரும் நமக்கிருக்க யவனரை நாடுவானேன்? இதுவோ உமது சுதேசியம்?” என்று நண்பர் சிலர் இடித்துரைப்பதாகவும் தெரிவிக்கிறார்.

வினா ஒரு குடும்பத்தினுடையது. ஆனால் நம் நாட்டு இளைஞர் நூல்களை எவ்விதம் படிக்கப் பழகுகின்றனர் என்பது தேசத்தின் காரியம். ஆதலின் நமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகவே கூறத் துணிகின்றோம்.

யவன வைத்தியம் அந்நியமா?

முதலில் நண்பர்களின் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். யூனானி என்ற சொல்லே யவனத்தைக் குறிப்பது. இப்போகிராத்தும் காலனும் கிரேக்க மொழியில் எழுதியவற்றை 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்து ஹுனைன் இப்னு இஸ்ஹாக் சிரிய மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். காலனுடைய நூல்களில் 129-ஐப் பற்றி அவர் எழுதி வைத்த விவரம் இன்றும் கிடைக்கிறது. அவ்வழியே பாரதத்தை அடைந்து, நம் ஹக்கீம்களின் கையில் நூற்றாண்டுகளாக வழங்கி வருவது அவ்வைத்தியம். அதன் தலைவராய் விளங்கிய ஹக்கீம் அஜ்மல் கான் 1921-ஆம் வருஷத்து அகமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். ஆயுர்வேதத்தையும் யூனானியையும் ஒரு கூரையின்கீழ்க் கற்பிக்க டில்லியில் அவர் நிறுவிய திப்பியா கல்லூரியை அவ்வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி திறந்து வைத்தவர் மகாத்மா காந்தி. நம் சென்னை மாகாணத்திலும் சுதேச வைத்திய முறைகளை ஆராயுமாறு அரசாங்கம் 1921-இல் நியமித்த உஸ்மான் கமிட்டி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் சுதேச வைத்தியமென்றே கொண்டு 1923-இல் அறிக்கை வெளியிட்டது. யவன நூலை அந்நியமென்று தள்ளுவோர் இவற்றை மறந்தனர் போலும்.

அக்கல்லூரித் திறப்பு விழாவில் மகாத்மா மொழிந்தது மற்றொன்றும் உண்டு. மேனாட்டு விஞ்ஞானிகளிடம் காணும் ஆராய்ச்சி ஊக்கம் நம் வைத்தியரிடமும் ஹக்கீம்களிடமும் காணப்படவில்லையென்றும், பழைய சூத்திரங்களை அவர்கள் ஆராயாது பின்பற்றுகின்றனரென்றும் அவர் வருந்தினார். அஜ்மல் கான் அதனைச் செவியில் ஏற்றவர். அவருடைய ஆதரவு பெற்ற ரசாயன வல்லுநர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்து, 1931-இல் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ‘அஜ்மலின்’ என்று ஹக்கீமின் பெயரையே சூட்டினார். இதயத் துடிப்பின் கோளாறு பற்றிய மருத்துவத்தில் அது பயன்படலாயிற்று. பழைய மூலிகை, புதிய பரிசோதனை என்ற இரண்டும் கூடிய இடத்தில் விளைந்த பயன் இது. அன்பரின் புதல்விக்கு நூல் தெரிந்தெடுப்பதிலும் இவ்விரண்டையும் நாம் கருத்தில் வைப்போமாக.

தெரிந்தெடுத்தோர் சரித்திரம்

மாணாக்கர்க்கென்று யவன வைத்திய நூல்களைத் தெரிந்தெடுத்தல் புதிய காரியமன்று. பண்டை அலெக்சாந்திரியா நகரத்து ஆசிரியர்கள் காலனுடைய நூற்றுக்கணக்கான நூல்களினின்றும் 16-ஐப் பொறுக்கிப் பாடமாக வகுத்தனர். பின்னர் அவற்றுக்கும் சுருக்கங்கள் எழுந்தன. பள்ளி செல்லாது வீட்டிலே கற்ற சிறுவனும் புதியவனல்லன். 980-ஆம் வருஷத்தில் பிறந்த இப்னு ஸீனா புகாரா நகரில் தந்தையின் இல்லத்திலேயே கற்று, வைத்திய நூல்களைத் தாமே படித்துத் தேர்ந்து, பதினாறு வயதில் மற்ற வைத்தியர் தம்மிடம் பாடங்கேட்கும் நிலையை அடைந்ததாகத் தம் வரலாற்றிற் கூறியிருக்கின்றார். நூலறிவோடு நோயாளிகளையும் அவர் பார்த்து வந்தாரென்பது கவனிக்கத்தக்கது.

ஆயின் அலெக்சாந்திரியாவின் தெரிவுக்கு நேர்ந்த கதி என்ன? காலனுடைய முடிவுகள் சுருக்கங்களாய் மாணாக்கரின் மனத்தில் தங்கின. அம்முடிவுகளை அடைய அவர் செய்த பரிசோதனைகளோ மறைந்தன. குரங்கையும் பன்றியையும் மாட்டையும் அறுத்துப் பார்த்து அவர் எழுதியவற்றை மனித உடலின் இலக்கணமென்றே ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் உலகம் நம்பிற்று. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டென்று அவர் சொன்னதை 13-ஆம் நூற்றாண்டில் இப்னுந் நபீஸ் மறுத்தார். 1543-இல் வெசாலியஸ் மனித உடலை அறுத்துப் பார்த்துக் காலனுடைய பிழைகளைக் காட்டினார். 1628-இல் ஹார்வி இரத்தம் உடலிற் சுற்றி வருவதை ஸ்தாபித்தார். இவ்வளவு காலம் சென்றதற்குக் காலன்மீது குற்றஞ் சாற்றுதல் தகாது. சோதித்துப் பார்த்தவரின் நூலைச் சோதியாமற் படித்தவர்களுடைய குற்றமது.

ஆதலின் நாம் கூறும் விதி ஒன்றே: நூலின் புகழைக் கொண்டு தெரிவு செய்யற்க, எந்நூலில் ஆசிரியர் தாம் கண்டதை இன்ன இடத்தில் இன்னவாறு கண்டேன் என்று சொல்லிப் படிப்பவரும் சோதிக்க இடங்கொடுக்கிறாரோ, அந்நூலைத் தெரிவு செய்க.

இதற்குக் கருவி வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளை நம் தமிழ்ச் சைவ நூலோர் வகுத்துள்ளனர். கண்ணாற் கண்டது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். பிறர் சொல்லை ஏற்பது உரை. சரகரும் ஆப்தவாக்கியம், பிரத்தியட்சம், அனுமானம் என்றிவற்றோடு யுக்தி என்ற ஒன்றையும் கூறியிருக்கின்றார். வழக்கு மன்றத்தில் நேர்ச்சாட்சியையும் செவிவழிச் சாட்சியையும் பிரித்தறிவது எங்ஙனமோ, அங்ஙனமே அப்பெண் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ‘காண்டல்’, ‘கருதல்’, ‘உரை’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டு படிப்பாளாக.

நான்கு நூல்கள்

முதலாவது, ‘தெய்விக நோய்’ என்ற சிறு நூல். இப்போகிராத்தின் பெயரால் வழங்கும் ஏறக்குறைய அறுபது நூல்கள் ஒருவர் எழுதியனவல்ல. இது அவற்றுள் ஒன்று. வலிப்பு நோயைத் தெய்வக் குற்றமென்று சொல்லி மந்திரித்துப் பொருள் பறிப்போரை இந்நூலாசிரியர் கண்டிக்கிறார். மற்றெந்த நோயையும்விட இது தெய்விகமானதன்று, இதற்கும் இயற்கையான காரணமுண்டு, அதன் ஸ்தானம் மூளை என்பது அவர் வாதம். வெள்ளாட்டு மாமிசமும் தோலும் ஆகாவென்று மந்திரவாதிகள் விலக்கினர். அங்ஙனமாயின் ஆட்டுத் தோலிற் படுத்து ஆட்டு மாமிசமே உண்ணும் லிபியா தேசத்தார் அனைவரும் வலிப்புற்றிருக்க வேண்டுமே என்று கேட்கிறார். ஒரு கொள்கையை எதிர் உதாரணத்தால் வீழ்த்துவது எப்படி என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் அரிது. கபம் நாளங்களை அடைப்பதே காரணமென்று அவர் சொல்லும் விடை மட்டும் பிழை. சரியான வினாவும் பிழையான விடையும் ஒரே நூலிற் கிடப்பதே மாணாக்கர்க்கு நன்மை.

இதனைப் பழங்கதையென்று தள்ளுவோர் நம் தெருக்களைப் பார்ப்பாராக. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. வலிப்பைக் குணமாக்குவோமென்று விளம்பரஞ் செய்வதை 1954-ஆம் வருஷத்து மந்திர மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கவேண்டியதாயிற்று. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமோ வலிப்பு நோயை விவாகத்துக்குத் தடையான காரணங்களுள் ஒன்றாக நெடுங்காலம் வைத்திருந்து, 1999-இல்தான் நீக்கிற்று. இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு யவனர் கேட்ட கேள்வி நம் சட்டப் புத்தகத்தை எட்ட இத்தனை காலம் சென்றது. பதினைந்து வயதுப் பெண் இதனை அறிதல் அவசியமா அன்றா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, ‘கொள்ளை நோய்கள்’ என்னும் நூலின் முதற் பாகமும் மூன்றாம் பாகமும். இவற்றில் 42 நோயாளிகளின் குறிப்புகள் உள்ளன. இன்னார், இன்ன இடத்தில் வசித்தார், முதல் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இன்னது, ஆறாம் நாள் மரணம் என்ற முறையில் நாள்வாரியாக எழுதப்பட்டவை. அவர்களுள் 25 பேர் இறந்தனர். வைத்தியர் அதனை மறைக்கவில்லை. குணமானவர்களின் கடிதங்களை மட்டும் அச்சிடும் மருந்து வியாபாரிகளைக் கண்டு பழகிய நமக்கு இந்நேர்மை வியப்பளிக்கும். தோல்வியையும் எண்ணிக் கணக்கெழுதுதல் சாஸ்திரத்தின் உயிர்நிலை. பொதுக்கூட்டத்திற்கு வந்தோரை மட்டும் எண்ணி, வராதோரை எண்ணாத நம் அரசியல் தொண்டர்களுக்கும் இந்நூல் உதவுமென்பது நம் துணிபு.

மூன்றாவது, ‘காற்று, நீர், இடம்’ என்பது. புதிய ஊருக்குச் செல்லும் வைத்தியன் அவ்வூரின் காற்று எத்திசையினின்று வீசுகிறது, நீர் எத்தகையது, நிலம் எப்படி, மக்கள் என்ன உண்கின்றனர் என்பவற்றை முதலிற் காண வேண்டும் என்று இந்நூல் விதிக்கிறது. இதனைப் படிக்க மணிமங்கலத்தினும் தக்க இடம் வேறில்லை. அடையாற்றின் தலைப்பு அவ்வூரையடுத்த மலைப்பட்டு ஏரியென்பர். 2015-ஆம் வருஷம் டிசம்பரில் அவ்வாறு பெருகிச் சென்னையின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்ததை யாரும் மறந்திலர். ஒருபுறம் ஏரி, ஒருபுறம் வயல், ஒருபுறம் தொழிற்சாலை, இடையே வெளியூர்த் தொழிலாளர் நெருங்கி வசிக்கும் குடியிருப்பு. மாணவி ஒரு வருஷகாலம் காற்றின் திசையையும், மழையின் அளவையும், கிணற்று நீர் மட்டத்தையும், தன் தெருவில் எம்மாதத்தில் எத்தனை வீடுகளில் காய்ச்சல் கண்டது என்பதையும் குறித்து வருவாளாயின், அதுவே மூல நூலுக்குச் சிறந்த உரையாகும்.

இந்நூலிலும் பிழையுண்டு. தேங்கிய சதுப்பு நீரைக் குடிப்போர்க்கு மண்ணீரல் வீங்கும் என்று ஆசிரியர் கண்டெழுதினார். சதுப்பு நிலத்தாரின் மண்ணீரல் வீக்கம் மலேரியாவின் குறி. ஆகவே காண்டல் சரி. குடிநீரே காரணமென்ற கருதல் தவறு. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் கண்டது நம் செகந்திராபாத்திலே, 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதியிலே. கண்டதற்கும் காரணத்துக்கும் இடையே உள்ள தூரம் சில சமயம் இரண்டாயிரம் வருஷம் என்பதை மாணவி இதனால் உணர்வாள்.

மேலும், இந்நூலின் பிற்பகுதி ஆசியா தேசத்தார் வீரமற்றவரென்றும், சீதோஷ்ண நிலையும் கொடுங்கோன்மையுமே அதற்குக் காரணமென்றும் கூறுகிறது. இவ்வகைச் சீதோஷ்ண வாதத்தைப் பிற்காலத்து ஐரோப்பிய ஆசிரியர் பலர் விரித்துப் பேசினர் என்பதை அடிமைப்பட்டிருந்த நம் தேசம் நன்கறியும். இப்பகுதியைக் கிழித்தெறிய வேண்டுமென்று சிலர் சொல்லக்கூடும். நாம் சொல்லோம். ஏரி நீரைப் பற்றிப் பேசும்போது கண்டதைச் சொன்ன ஆசிரியர், ஒரு கண்டத்தையே எடைபோடும்போது எத்தனை பேரைக் கண்டார், எங்கே கண்டார் என்று அப்பெண் கேட்பாளாக. அறிஞர் சுயஜாதி அபிமானத்தில் வழுக்கி விழும் இடத்தைக் கண்டுகொள்ளப் பழகியவளை எந்த ஏகாதிபத்தியமும் ஏமாற்றவியலாது.

நான்காவது, காலனுடைய ‘இயற்கைச் சக்திகள்’. சிறுநீர் சிறுநீரகத்தில் உண்டாகிக் குழாய்களின் வழியே பைக்கு இறங்குகிறதென்பதைச் சிலர் மறுத்தபோது, காலன் விலங்கொன்றின் அக்குழாய்களைக் கட்டிப் பை காலியாயிருப்பதையும், குழாய் வீங்குவதையும், கட்டை அவிழ்த்ததும் பை நிரம்புவதையும் காட்டினார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒவ்வொரு சோதனை. உயிருள்ள பிராணியைத் துன்புறுத்திய இச்செயலைப் படித்தால் போதும். எவரும் செய்து பார்த்தல் கூடாது.

இவ்வளவு கூர்ந்த அறிஞர், உண்ட உணவினின்று ஈரல் இரத்தத்தை ஓயாது உண்டாக்குகிறதென்றும், உடல் அதனைச் செலவிட்டுவிடுகிறதென்றும் நம்பினார். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். மாணவி தன் நாடியை எண்ணுவாளாக. நிமிஷத்துக்கு 72 துடிப்பு. துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி லிட்டர். ஆக நிமிஷத்துக்கு 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். எந்த உணவினின்று மணிதோறும் 300 லிட்டர் இரத்தம் உண்டாகும்? அதே இரத்தம் திரும்பி வரவேண்டுமென்பது தெளிவு. ஹார்வி செய்த கணக்கின் சாரம் இதுவே. காகிதமும் பென்சிலும் கொண்டு காலனை வென்ற பெண்ணுக்குச் சாஸ்திரம் இனி மனப்பாடமாயிராது.

மிளகும் திப்பிலியும்

இவற்றோடு ஒரு பக்கம் மட்டும் சேர்க்க விரும்புகிறோம். முதல் நூற்றாண்டில் மருந்துப் பொருள்களைப் பற்றி ஐந்து பாகங்களில் எழுதிய தியஸ்கோரிதேஸ், இந்தியாவில் வளரும் சிறு மரம் ஒன்றுண்டென்றும், அதில் முதலிற் காய்ப்பது திப்பிலியென்றும், அதுவே முற்றி மிளகாகிறதென்றும் கேள்வியாகக் கூறியிருக்கின்றார். மிளகு வேறு கொடி, திப்பிலி வேறு கொடி என்பது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்தது. பிப்பலி என்ற நம் சொல்லே மிளகுக்குரிய யவனப் பெயராய்த் திரிந்தது வேறு வேடிக்கை. மரக்கலமேறி வந்து நம் துறைமுகங்களில் மிளகு கொண்ட யவனர், கொடியைக் காணாது செவிவழிச் செய்தியை எழுதினர். பெரியோர் எழுதினாலும் ‘உரை’ உரைதான். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் அதன் வலிமை தெரிந்துவிடும்.

ஒதுக்கவேண்டியவை எவை? புகழ்பெற்ற வைத்தியப் பிரமாணத்தை முதலில் கொடுக்க வேண்டா. அது ஒழுக்க நூலின்பாற்படும். சூத்திரங்களாய் அமைந்த ‘அபோரிசங்களும்’ இப்போதைக்கு வேண்டா. காரணங் காட்டாது முடிவுரைக்கும் வாக்கியங்கள் மனப்பாட வழக்கத்தையே வளர்க்கும். இரத்தம் வாங்குதல், பேதிக்குக் கொடுத்தல் முதலிய சிகிச்சைகளைச் சரித்திரமாகவே படிக்க வேண்டும். நோயென்று வந்தால் தகுந்த வைத்தியரிடம் செல்க.

தமிழிற் பெயர்க்கச் செய்க

நூல் கிடைத்தல் அரிதன்று. ஸ்காத்லாந்துக் கிராமத்து வைத்தியராயிருந்த பிரான்சிஸ் ஆடம்ஸ் 1849-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் மூன்று நூல்களும் அடங்கியுள்ளன. பதிப்புரிமை கடந்துவிட்டமையால் இணையத்தில் இலவசமாய்ப் பெறலாம். காலனுடைய நூலை 1916-இல் பிராக் என்பவர் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்.

ஆனால் ஆங்கிலத்திலேயே நின்றுவிடலாகாது. வாரத்துக்கு ஒரு நோயாளியின் குறிப்பை அப்பெண் தமிழிற் பெயர்த்தெழுதி வருவாளாக. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கித் தந்தார். அந்நியர் ஒருவர் செய்த கைங்கரியம் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு இயலாததாகுமா? ஒரு வாக்கியத்தைத் தாய்மொழியில் எழுத முடியவில்லையெனின், அது இன்னும் விளங்கவில்லை என்பதே பொருள்.

நம் நூல்களுக்கும் அதே அளவை

இனி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. யவனரைப் படித்த கண்ணுடனேயே அப்பெண் நம் முன்னோரையும் படிக்க வேண்டும். இறந்த உடலை நீரில் ஊறவைத்து, ஏழு இரவு கழித்து, தோல் முதலாகப் படிப்படியாய்ச் சுரண்டிக் கண்ணாற் காணுமாறு சுசுருதர் விதித்தது காண்டலின் உச்சம். மணிமங்கலம் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்க்கும் சளுக்கியர்க்கும் போர் நிகழ்ந்த களம். அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழனுடைய சாசனம் இருக்கிறது. அவ்வரசன் காலத்து மற்றொரு சாசனம் அதே காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும், வைத்தியரும், சஸ்திர வைத்தியரும், மருந்து கொணர்வோரும், பணிப்பெண்களும், ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதிற் காணப்படுகின்றன. இது நாம் பெருமை கொள்ளற்குரியதே. அம்மருந்துகளுள் எவை நோய் தீர்த்தன, எவை தீர்க்கவில்லை என்று ஆராயும்போது அப்பெருமை பயனுமடையும்.

யவனர் சொன்னதால் மெய்யென்பது அடிமைப் புத்தி. சித்தர் சொன்னதால் மெய்யென்பதும் அவ்வாறே. எஜமானன் பெயர்தான் வேறு. நாம் 1947-இல் பெற்ற சுயராஜ்யம் ஆட்சியைப் பற்றியது. அறிவிலும் சுயராஜ்யம் வேண்டுமாயின், எவர் வாக்காயினும் காண்டலின் முன் நிறுத்தி விசாரிக்கும் துணிவு நம் மக்களுக்கு வரவேண்டும். மணிமங்கலத்து அன்பர் தம் புதல்வியின் கையில் இந்நான்கு நூல்களையும், கூடவே கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் கொடுப்பாராக. நூல்களிலும் அந்நோட்டுப் புத்தகமே முக்கியமென்று நாம் கருதுகிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மற்றைப் பெற்றோரும் இதனைச் சிந்திப்பார்களாக.